பேய்க்குப் பல் கட்டியவர்

அந்த வட்டாரத்து வயதானவர்கள் சிரித்தால் அதில் பாதிச் சிரிப்பு அவர் கையால் வந்தது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதை வைத்துப் பல் செட் செய்துகொடுக்கும் லேப்பில் அவருக்கு வேலை. பிளாஸ்டரில் ஈறு வார்ப்பார். மெழுகில் பல் நடுவார். மெழுகை வெந்நீரில் உருக்கி விரட்டிவிட்டு, அந்த இடத்தில் ரோஸ் நிற மாவை அடைத்து வேகவைத்து, ராவித் தேய்த்து, பளபளப்பு ஏற்றி, வெள்ளை டப்பாவில் போட்டு அனுப்புவார். பல்லுக்காரர் என்றால்தான் தெரியும். தெருவில் எதிரே வருகிறவரின் முகம் அவருக்கு நினைவிருக்காது. அந்த ஆள் வாயைத் திறந்தால் போதும், "கீழ்வரிசை வலப்பக்கம் இன்னும் உறுத்துதா?" என்று சொந்தக்காரரைப் போல விசாரிப்பார். அவர் கட்டிய பல் செட்டோடு ஒருவர் பலமாகத் தும்மியதில் பல் பறந்துபோய் எதிர்வீட்டுப் பூனையைக் கவ்விக்கொண்டது என்று ஒரு பேச்சு உண்டு. கேட்டால் மறுப்பார். "பூனையை இல்லீங்க. வாலை மட்டும்தான்."

அப்படிப்பட்ட மனிதர் பேய்ப்படம் எடுக்கக் கிளம்பியதற்குக் காரணம் ஒரு மழைக்காலம். அந்த மழையில் அவருடைய பல் செட்டுக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். ஒவ்வொரு துக்க வீட்டிலும் கையைக் கட்டிக்கொண்டு நின்று, மூடிய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நிற்பவர்கள் ஆளுக்காக அழுதார்கள். இவர் வாய்க்குள் இருப்பதற்காகக் கலங்கினார்.

"நான் பண்ணினதெல்லாம் அவங்கவங்களோட போயிடுது" என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். "நான் பண்ணினதுன்னு ஒண்ணாவது வெளியில நிக்கணும்."

"நின்னா யாரு பாக்கப் போறாங்க?"

"பேய்ப்படம் எடுத்தா பயந்துக்கிட்டாவது பாப்பாங்க. நடுநடுவுல சிரிக்கவும் வெச்சுட்டா எழுந்து போகமாட்டாங்க."

மனைவி துணிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுப்பவர். கத்தரியை வைத்தாரென்றால் துணி நூல் பிசகாமல் போகும், கை அத்தனை உறுதி. அந்தக் கையை நம்பித்தான் கேமரா வேலையை அவரிடம் கொடுத்தார் பல்லுக்காரர். கேமரா என்பது மனைவியின் செல்போன். கதாநாயகன் அவருடைய நண்பர், வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிறவர். கதையும் அவரிடமிருந்தே பிறந்தது: ஆள் இல்லாத வீட்டில் மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது, யார் ஓட்டுகிறார்கள் என்று பார்க்கப் போகிறவன் பேயிடம் மாட்டிக்கொள்கிறான்.

லேப்புக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த ஒரு மாடி வீடு கிடைத்தது. வாட்ச்மேன் ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டும் காணாமல் திறந்துவிடுவார். மின்சாரம் துண்டிக்கப்பட்ட வீடு, விளக்கு வாங்கவும் வழியில்லை. ஆகவே பகலிலேயே இரவை உண்டாக்கினார்கள். ஜன்னல்களில் கறுப்புக் குப்பைப் பைகளை ஒட்டி, ஒரே ஒரு இடுக்கை மட்டும் திறந்துவைத்தார்கள். அந்த இடுக்கில் விழும் வெயிலைப் பழைய பீரோவிலிருந்து கழற்றிய கண்ணாடியில் பிடித்து, பேயின் முகத்தில் அடிப்பதுதான் பல்லுக்காரரின் டைரக்‌ஷன். அதில் ஒரு கட்டுப்பாடு. கேமரா கண்ணாடியின் பக்கம் பார்க்கவே கூடாது. கொஞ்சம் திரும்பினாலும் கண்ணாடி பிடித்திருக்கிறவர் படத்துக்குள் வந்துவிடுவார். ஒருமுறை பேயின் தோளுக்குப் பின்னால் இவருடைய பாதி மூக்கும் ஒரு காதும் வந்து, அன்று முழுக்க எடுத்தது வீணாய்ப் போனது.

முதலில் பேயாக வந்தது மனைவியோடு துணிக்கடையில் வேலை பார்த்த பெண். அவளுடைய நல்ல பல்லின்மேல் கோரைப்பல்லை மாட்டியதும் வாய் மூடவில்லை. எச்சில் ஒழுக, "ஹுன்னை ஹொல்லுவேன்" என்று ஏதோ சொல்லப் பார்த்து, பயமும் வரவில்லை சிரிப்பும் வரவில்லை. அவள் கல்யாணமாகிப் போனாள். பல்லுக்காரர் துவண்டு உட்கார்ந்திருந்த ஒரு காலையில் மாமியார் பல் செட்டைக் கழற்றிக் கழுவ எடுத்துப் போனார். வெறும் ஈறு. இடமோ தாராளம். மாமியாருக்கு நல்ல பெரிய தாடை.

"அத்தை, கொஞ்சம் வாயைத் திறங்க" என்றார்.

"எதுக்கு மாப்ள?"

"உங்களைப் பேயாக்கப் போறேன்."

"பொண்ணைக் குடுத்த அன்னைக்கே நினைச்சேன், இப்படி ஏதாவது கேப்பீங்கன்னு" என்று மாமியார் வாயைத் திறந்தார்.

அந்தக் கோரைப்பல் செட் அவர் வாழ்நாளில் கட்டியதிலேயே சிறந்தது. ஈறோடு ஒட்டி, உதட்டில் அழுந்தாமல், பேச்சு குழறாமல், இரண்டு பக்கமும் பல் நீண்டு வளைந்து இறங்கியது. லேப் மாவில், லேப் வெந்நீரில் வேகவைத்தது. முதலாளி ஒருநாள் சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டார். "இன்னொரு தடவை என் லேப்புல பேய் வேலை பாத்தா, வெளியில போய் பேயோடயே இருந்துக்க" என்றார். சத்தம் போடுகிறவர் அல்ல அவர், சொன்னால் செய்கிறவர்.

வருஷங்கள் ஓடின. ஞாயிற்றுக்கிழமைகளில் மழை பெய்தது, மாமியாருக்கு மூட்டு வலித்தது, மீட்டர்காரருக்குத் தொப்பை போட்டது. ஒரே ஓட்டத்தில் மாடிப்படி ஏறுகிற காட்சியில், கீழ்ப்படியில் ஒல்லியாகக் கிளம்புகிறவர் மேல்படிக்குக் குண்டாகப் போய்ச் சேர்ந்தார். எப்படியோ எல்லாம் எடுத்தாகிவிட்டது, முடிவைத் தவிர. பேய் அந்த வீட்டைவிட்டு ஏன் போகிறது என்பதுதான் தெரியவில்லை. பேய் அழுவது போல எடுத்துப் பார்த்தார், அசடு வழிந்தது. மீட்டர்காரர் துரத்துவது போல எடுத்தார், மூச்சு வாங்கியது. ஒவ்வொரு முடிவையும் மனைவியிடம் போட்டுக் காட்டுவார். மனைவி பார்த்துவிட்டு எழுந்து போவார். சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்கும். அதுதான் விமர்சனம்.

அப்புறம் அந்த மாடி வீட்டின் வாசலில் பொக்லைன் வந்து நின்றது.

"திங்கக்கிழமை இடிக்கிறாங்க" என்றார் வாட்ச்மேன். "இந்த ஒரு ஞாயித்துக்கிழமைதான். அதுக்கப்புறம் நீங்க வெறும் காத்தைத்தான் படம் எடுக்கணும்."

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் மாமியார் ஆவேசத்தில் மீட்டர்காரரின் டார்ச்சைக் கடித்து ஒரு கோரைப்பல்லை உடைத்திருந்தார். பல்லுக்காரர் அதை ஒளித்து லேப்புக்குக் கொண்டுபோய், முதலாளி சாப்பிடப் போகும் நேரங்களில் ஒட்டி, வேகவைத்து, சனிக்கிழமை பளபளப்பு ஏற்றி முடித்தார். வெள்ளை டப்பாவில் போட்டு மேஜையில் வைத்தார். பக்கத்தில் அதே போல இன்னொரு வெள்ளை டப்பா, அன்று கிளினிக்குக்குப் போகவேண்டிய பல் செட். அந்த நேரம் பார்த்து முதலாளியின் செருப்புச் சத்தம். ஒரு டப்பாவை அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டு, மற்றதை முதலாளி கையில் கொடுத்தார். எந்த டப்பா எது என்று முதலாளி கவனிக்கவில்லை. பல்லுக்காரரும் கவனிக்கவில்லை.

ஞாயிறு காலை, குப்பைப் பை ஒட்டிய கூடத்தில், வெள்ளை நைட்டியும் விரித்த தலையுமாக மாமியார் டப்பாவைத் திறந்தார்.

"மாப்ள, என் பல்லு திருந்திடுச்சு."

உள்ளே அடக்கமான, வரிசையான, சின்னஞ்சிறு பல் செட் ஒன்று இருந்தது. மாமியார் வாயில் போட்டுப் பார்த்தார். பெரிய அறையில் ஸ்டூலைப் போட்டது போல அது உள்ளே உருண்டது.

பல்லுக்காரர் டப்பாவைப் பிடுங்கிப் பார்த்தார். கோரைப்பல் கிளினிக்குக்குப் போய்விட்டது. லேப் பூட்டியிருக்கிறது, சாவி முதலாளியிடம். புதிதாக ஒன்று செய்ய வழியில்லை. எடுத்துவைத்த அத்தனை காட்சியிலும் பேய்க்குக் கோரைப்பல் இருக்கிறது. எங்கோ ஒரு வாய்க்குள் அது ஏறியிருந்தால், நாளைக்கு வேலையும் இல்லை. டப்பாவின் அடியில் நோயாளியின் பெயரோடு கிளினிக் சீட்டு ஒட்டியிருந்தது. மீட்டர்காரர் எட்டிப் பார்த்தார்.

"கோர்ட்டு குமாஸ்தாவா இருந்து ரிட்டயர் ஆனவர். எனக்கு வீடு தெரியும் மச்சான். மீட்டர் நாய்க்கூண்டுக்குப் பின்னாடி இருக்கும். நாய் என்னை மட்டும் கடிக்காது."

"உன்னை மட்டுமா?"

"மத்தவங்களைப் பத்தி எனக்குத் தெரியாது."

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது பல்லுக்காரர் வெயிலைத்தான் பார்த்துக்கொண்டே போனார். கூடத்து இடுக்கில் வெயில் நிற்பது மதியம் சாயும் வரைதான். போய், கேட்டு, காலில் விழுந்தாவது வாங்கி, திரும்பி வரவேண்டும். காலில் விழுவதற்கும் சேர்த்தே நேரத்தைக் கணக்குப் போட்டுவைத்திருந்தார்.

கதவைத் திறந்தது குமாஸ்தாவேதான். சின்ன உருவம், சலவைச் சட்டை, ஒழுங்காக வாரிய தலை. கீழுதட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் வளைந்து இறங்கிய கோரைப்பல்.

"மீட்டரா? பின்பக்கம் போங்க தம்பி" என்றார் மரியாதையாக.

மீட்டர்காரர் தன் வேலையை மறந்து நின்றார். பல்லுக்காரர் கையைக் கூப்பினார். "ஐயா, தப்பு நடந்துபோச்சு. உங்க பல்லு இது. நீங்க போட்டிருக்கிறது வேற ஒருத்தரோடது. கிளினிக்ல டாக்டர் பாக்கலையா?"

"டாக்டர் சீக்கிரம் கிளம்பிட்டாராம். கம்பவுண்டர் பையில போட்டுக் குடுத்தான், திங்கக்கிழமை சரி பாத்துக்கலாம்னு. லொடலொடன்னுதான் இருந்துச்சு. ஒட்டுற பசை ஒரு டியூப் பூரா போட்டேன், நின்னுடுச்சு. உள்ள வாங்க."

உள்ளே போய் உட்கார்ந்ததும் மகன் தட்டில் காப்பி கொண்டுவந்து, அப்பாவை நேராகப் பார்க்காமல் வைத்துவிட்டு, பின்பக்கமாகவே நடந்து போனான்.

"பாத்தீங்களா?" என்றார் குமாஸ்தா தாழ்ந்த குரலில். "நேத்து வரைக்கும் இந்த வீட்டுல நான் ஒரு நாற்காலி. அதுவும் யாரும் உக்காராத நாற்காலி. காலைல இதை மாட்டிக்கிட்டு வந்து உக்காந்தேன். மருமக பேப்பரைக் கொண்டாந்து கையில குடுத்தா. பையன் டி.வி. சத்தத்தைக் குறைச்சான். வாயைத் திறந்து நான் ஒண்ணும் கேக்கலை. வாயைத் திறந்தேன், அவ்வளவுதான்."

பல்லுக்காரர் சின்னப் பல் செட்டை நீட்டினார். குமாஸ்தா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப நல்லவனோட பல்லா தெரியுது. எனக்கு வேணாம்."

பல்லுக்காரர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். படத்தைச் சொன்னார், பொக்லைனைச் சொன்னார், மழைக்காலத்துச் சாவுகளைச் சொன்னார். "நான் செஞ்சது ஒண்ணுகூட வெளியில இல்லீங்க. உங்க வாயில இருக்கிறதும் நாளைக்கு உங்களோடதான் போகும். இந்த ஒரு படம்தான். வெயில் இறங்கிட்டா அதுவும் இல்ல."

சாவைப் பற்றி ஒருவர் முகத்துக்கு நேரே பேசிவிட்டோமே என்று அப்புறம்தான் உறைத்தது. குமாஸ்தா கோபப்படவில்லை. கோரைப்பல்லை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"பல்லு வரும். ஆனா என் வாயிலதான் வரும். அதுக்கு சம்மதம்னா செருப்பை மாட்டுறேன்."

ஒரு ஸ்கூட்டரில் மூன்று பேர். நடுவில் குமாஸ்தா. போக்குவரத்து போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். குமாஸ்தா அவரைப் பார்த்துப் புன்னகை செய்தார். போலீஸ்காரர் கையை இறக்கி, வேறு ஒரு வண்டியை மும்முரமாகத் தேட ஆரம்பித்தார்.

மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சுவரைவிட்டு இறங்கித் தரைக்கு வந்திருந்தது. மனைவி போனைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றிருந்தார். கேட்டது மாமியார்.

"யாரு மாப்ள இது? என் பல்லைப் போட்டுக்கிட்டு நடந்து வர்றாரு."

"அம்மா, இது எனக்கு வந்த பல்லு" என்றார் குமாஸ்தா.

"என் வாயில இருந்தது. கழுவினீங்களா?"

"கழுவிட்டுத்தான் போட்டேன்."

"இனிமே நான் போடணும்னா மறுபடி கழுவணும். கழட்டுங்க."

"மாட்டேன்."

இருவரும் கூடத்தில் நின்று, வயதுக்குரிய மரியாதையோடு சண்டை போட்டார்கள். மீட்டர்காரர் சமாதானம் செய்யப் போய் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். பல்லுக்காரர் மாடிப்படியில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். வெயில் தரையில் ஒரு பாய் அகலம் இருந்தது. பிறகு ஒரு துண்டு அகலம். இத்தனை வருஷமும் இந்த ஒரு துண்டு வெயிலில் வந்து நிற்கத்தானா என்று நினைத்துக்கொண்டார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வீட்டுக்குப் போயிடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. குழாயைத் திறந்துவிட்டிருந்தால்கூடப் பல்லுக்காரர் தாங்கியிருப்பார்.

மாமியார் சண்டையை முடித்துக்கொண்டு கோபமாக மாடி ஏறிப் போனார். பாதிப் படியில் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பினார். விரித்த தலை, வெள்ளை நைட்டி, பல் இல்லாமல் உள்ளே குழிந்த கன்னம். பிடிக்க ஆளில்லாமல் சாய்த்து வைத்திருந்த கண்ணாடியிலிருந்து கொஞ்சம் வெயில் அந்த முகத்தில் விழுந்தது. அவர் கையை நீட்டினார்.

"என் பல்லைக் குடு."

கோரைப்பல் இருந்தபோதெல்லாம் வராத பயம் பல்லுக்காரருக்கு அப்போது வந்தது. பேய் ஏன் அந்த வீட்டிலேயே சுற்றுகிறது என்பதற்கும், எதைக் கொடுத்தால் போகும் என்பதற்கும் பதில் படியில் நின்றுகொண்டிருந்தது.

"அத்தை, மேல போங்க. அதையே சொல்லிக்கிட்டே இறங்கி வாங்க. ஐயா, நீங்க கீழ்ப்படியில நில்லுங்க. அவங்க பல்லைத் திருடினது நீங்கதான். குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டு வாசல் பக்கம் ஓடணும். மச்சான், நீ நடுவுல நின்னு கத்து. ஒரே தடவைதான். வெயில் இல்ல."

கண்ணாடியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். மனைவி போனை உயர்த்தினார், அந்தக் கை வழக்கம் போல அசையாமல் நின்றது.

மாமியார் இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் அவருடைய மூட்டு ஒரு சத்தம் போட்டது, வீடே முனகுவது போல இருந்தது. வெயில் துண்டு அவர் முகத்தோடு கூடவே இறங்கியது. கடைசிப் படியில் நின்று கையை நீட்டினார்.

"என் பல்லைக் குடு."

குமாஸ்தா ஓடவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்தக் குழிந்த கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு விரலை வாய்க்குள் விட்டு இழுத்தார். ஒரு டியூப் பசையும் விடமாட்டேன் என்று பிடித்து, கடைசியில் பாட்டில் மூடி திறப்பது போல ஒரு சத்தத்தோடு விட்டது. அவருடைய கன்னமும் குழிந்தது. இப்போது படியில் ஒரே மாதிரி இரண்டு முகங்கள். அவர் பல் செட்டைச் சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

மாமியார் வாங்கிக்கொண்டார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "கழுவாம நான் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, குமாஸ்தாவின் கையைப் பிடித்தபடி வாசல் பக்கம் நடந்தார், மூட்டு வலிக்குத் துணையாக. கத்தவேண்டிய மீட்டர்காரர் கத்தாமல் வழிவிட்டார். வெயில் போய்விட்டது. யாரும் கட் சொல்லவில்லை. மனைவியின் கை நடுங்கிக்கொண்டிருந்தது, தோளோடு சேர்த்து. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பல்லுக்காரரால் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை காலை குமாஸ்தாவின் மருமகள் கிளினிக்குக்குப் போன் செய்து, பெரியவரைப் பேயாக்கி அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னாள். கிளினிக் லேப்புக்குச் சொன்னது. பல்லுக்காரர் போய்ச் சேருமுன்பே அவருடைய மெழுகுக் கத்தியும் மேலங்கியும் ஒரு பையில் கட்டி மேஜைமேல் வைக்கப்பட்டிருந்தன. முதலாளி சத்தம் போடவில்லை.

"சொன்னேன்ல" என்றார்.

"சொன்னீங்க" என்றார் பல்லுக்காரர். மேஜையைக் கடைசியாக ஒருமுறை துடைத்து வைத்துவிட்டு வந்தார்.

வரும் வழியில் மாடி வீடு பாதி போயிருந்தது. சுவரெல்லாம் சரிந்து, மாடிப்படி மட்டும் எங்கும் போகாமல் வானத்தைப் பார்த்து நின்றது. ஒரு குப்பைப் பை கம்பியில் மாட்டிக்கொண்டு படபடத்தது. பொக்லைன் கையை உயர்த்தியபோது அவர் நின்று பார்க்கவில்லை.

வீட்டில் மனைவி துணிக்கடைக்கு லீவு போட்டிருந்தார். பல்லுக்காரர் கையிலிருந்த பையைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மாமியார் கழுவிய கோரைப்பல்லோடு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். மூன்று பேரும் ஒட்டி உட்கார்ந்து அந்த ஒரு காட்சியைப் போட்டுப் பார்த்தார்கள். படி, வெயில், நீட்டிய கை. பசை விடுகிற சத்தம். அதற்கப்புறம் படம் குலுங்க ஆரம்பித்தது. குலுங்கிக் குலுங்கி ஓரமாகச் சாய்ந்தது. ஓரத்தில் ஒரு கண்ணாடி, கண்ணாடிக்கு மேலே ஓர் ஆள். கன்னமெல்லாம் நனைந்து, வாய் பிளந்து, சொந்தப் பல் அத்தனையும் தெரிய நின்றுகொண்டிருந்தான்.

"அந்த மூலையில யாரு?" என்றார் மாமியார், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "நம்ம கதையில இல்லாத பேயா இருக்கே."

மனைவி போனை நிறுத்தினார். "மறுபடி எடுக்க வீடும் இல்ல. இந்த இடத்தை மட்டும் வெட்டிடவா? எனக்கு நேரா வெட்டத் தெரியும்."

பல்லுக்காரர் அந்த முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்" என்றார். "இருக்கட்டும்."